பூஜை அலமாரியில் ஒரு தோலுறை

வேதகிரீசுவரர் படத்தின் காலடியில், தான் செய்த தோலுறை சந்தனப் பொட்டோடு சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் பௌர்ணமிக்காக மாமியார் வீட்டுக்கு வந்திருந்த அன்பரசி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மாமியார் கண்ணகிக்குக் கண் அறுவைக்குப் பிறகு பொடி எழுத்து தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கட்டும் என்று மகன் வெங்கடேசன் ஓர் ஈ-ரீடர் வாங்கி, சாமி பாட்டுகளை அதில் ஏற்றிக் கொடுத்திருந்தான். அதற்கு உறை செய்தவள் அன்பரசி. மாமல்லபுரத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து அவள் செய்யும் தொழிலே அதுதான். பெரியமேட்டிலிருந்து வரும் மாட்டுத்தோலை நனைத்து, கோடு கீறி, சுத்தியால் தட்டித் தட்டிப் பூவும் கொடியும் எழுப்புவாள். நாவலூர் அடுக்குமாடிகளிலிருந்து ஆர்டர் வரும். மாமியாருக்கென்று பதினோரு நாள் உட்கார்ந்து, கோயில் குளமான சங்கு தீர்த்தத்தின் அலைகளையும் நடுவே ஒரு சங்கையும் செதுக்கியிருந்தாள். காதல் கல்யாணம், ஏழு மாதம்தான் ஆகிறது. இந்த வீட்டில் தனக்கும் ஓர் இடம் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் அது.

"இன்னாமா அப்புடிப் பாக்கற?" என்றாள் கண்ணகி, மல்லிகையைத் தொடுத்தபடி. "சாமி பாட்டு கீற ஸ்லேட்டாச்சே, கீழ வெக்க மனசு வரல. குளிச்சிட்டுத்தான் தொடறேன். பக்கத்து வூட்டுக்காரி பாத்துட்டு, மருமவளுக்கு இன்னா கை வேலன்னு மூக்குல வெரல வெச்சா. வாசனதான் ஒரு மாதிரி. பாரின் ரெக்ஸின்னா அப்புடித்தான் இருக்கும்னு வெங்கடேசன் சொன்னான்."

அன்பரசி புழக்கடைக்குப் போனாள். வெங்கடேசன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரெக்ஸின்னு சொன்னியா?"

"பின்ன? தோலுன்னு சொன்னா வூட்டுக்குள்ள விட்டிருப்பாங்களா?"

"உறையையா, என்னையா?"

அவன் துணியைப் பிழிந்தான். "சாமிகிட்ட வெப்பாங்கன்னு நான் இன்னா கனவா கண்டேன்? விட்டுடு அன்பு. ஏழு மாசம் நல்லாத்தானே போய்கினு கீது. அடுத்த தடவ நெசமாவே ரெக்ஸின்ல ஒண்ணு செஞ்சு மாத்திடலாம். பேஜாரு பண்ணாத."

அவளுடைய அப்பா ஏசுதாஸ் இன்றுவரை அவள் அறைப் படியை மிதித்ததில்லை. 'செத்த மாட்டத் தூக்கறது எங்க தாத்தாவோட போச்சு. காலேஜு படிச்சிட்டு நீ மறுபடியும் தோல்ல கைய வெக்கறியா?' என்று கேட்டவர். அப்பாவாவது முகத்துக்கு நேரே கேட்டார். அந்த அறைக்கு ஆர்டர் கொடுக்க வந்து, தோலை எடுத்து முகர்ந்து, 'நல்லா கீதே' என்று சிரித்தவன் இந்த வெங்கடேசன். அந்தச் சிரிப்பில்தான் அவள் விழுந்தாள். பெற்ற தாயிடம் 'தோல்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"இன்னிக்குப் பௌர்ணமி. இன்னிக்குப் போயா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

"அத்தை, அது ரெக்ஸின் இல்ல. மாட்டுத்தோலு."

கண்ணகியின் விரல்களில் நார் அப்படியே நின்றது. பிறகு எழுந்து போய், உறையிலிருந்து ஈ-ரீடரை மட்டும் உருவிப் படத்தின் கீழே வைத்தாள். உறை கையிலேயே இருந்தது.

"ரெக்ஸின்னு நீ எங்கிட்டச் சொன்னியா?"

"இல்ல அத்தை."

வாசற்படியில் வந்து நின்ற மகனை அவள் பார்த்தாள். "ஒரு மாசமா கும்புட்டுகினு கீறேன். நீயும் வர்றப்பல்லாம் பாத்துகினுதானே இருந்த?"

"நீ கோச்சிக்குவேன்னுதாம்மா..."

"கோச்சிக்கினுதான் இருந்திருப்பேன். கோவம் ஆறும்டா. இனிமே நீ எது சொன்னாலும் ரெக்ஸினா தோலான்னு நான் மோந்து மோந்து பாக்கணும்."

உறையை அன்பரசியின் கையில் வைத்தாள். "இத உள்ள வெக்க என்னால முடியாது. முடியும்னு உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்." பிறகு மஞ்சள் தண்ணீர் கரைத்து அலமாரியைத் துடைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு துடைப்பும் தன் மேல் விழுவதுபோல் அன்பரசி நின்றாள். "சாப்டுட்டுப் போ" என்று திரும்பாமலே சொன்னாள் கண்ணகி. அன்பரசி இரண்டு வாயோடு எழுந்தாள்.

திரும்பும் வழியில் வெங்கடேசன்தான் பேசினான். "அம்மா போவப் போவ மாறிடுவாங்க."

"உங்கம்மாவப் பத்தி நான் யோசிக்கல. என்னை அறையாண்ட இறக்கிவிடு."

மாமல்லபுரத்துத் தெருவில் உச்சி வெயில். அவள் பூட்டைத் திறந்தாள். நனைத்து வைத்த தோலின் வாசனை வெளியே வந்தது. அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தயங்கினான்.

"உள்ள வரட்டுமா?"

"வா. ஆனா நாளைக்கு எவனாவது உம் பொண்டாட்டிக்கு இன்னா வேலன்னு கேட்டா, இன்னா சொல்லுவேன்னு முடிவு பண்ணிட்டு வா."

கதவை அவள் சாத்தவில்லை. மேசைமுன் உட்கார்ந்து சுத்தியை எடுத்தாள். வெங்கடேசன் செருப்பைக் கழற்றவும் இல்லை, வண்டியைக் கிளப்பவும் இல்லை.