கறளின் மேல் வெள்ளை

காலை ஏழரை மணிக்கெல்லாம் தலைமன்னார் இறங்குதுறையில் இரும்பு சுரண்டும் சத்தம் தொடங்கிவிடும். துறையோடு அணைத்துக் கட்டியிருந்த பழைய கப்பலின் மேல்தளத்தில் நான்கு பெண்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கையில் தகடும் பிறஸுமாகக் குந்தியிருப்பார்கள். அவர்கள் சுரண்டிய கறளை, அந்த இரும்புத் துருவையெல்லாம், கடற்காற்று வாரியெடுத்து அவர்கள் முகத்திலேயே அப்பிவிடும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது ஒருத்தியின் முகத்தைப் பார்த்து மற்றவள் சிரிப்பாள்.

அந்த நால்வரில் பொறுப்பாக இருந்தவள் அன்ரோனெற். முப்பத்தெட்டு வயது. சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் பதினாறு வருடம் இருந்தவள். முகாம் ஆட்களோடு பெயின்ற் வேலைக்குப் போய், மற்றவர்களின் கல்யாண மண்டபங்களுக்கும் மாடி வீடுகளுக்கும் நிறம் பூசித் தொழில் பழகியவள். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது இரண்டு பிள்ளைகளையும் அந்தத் தொழிலையும்தான் கொண்டுவந்தாள். அவளோடு வேலை செய்தவர்களில் நசீறாதான் இளையவள். புத்தளத்தில் அகதியாகவே வளர்ந்து, கல்யாணம் முடித்து, போன வருடம்தான் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பியிருந்தாள்.

வடக்குத் துறைகளுக்கு இடையே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லவென்று கொழும்புக் கம்பனியொன்று அந்தக் கப்பலை வாங்கியிருந்தது. திருத்தி நிறம் பூசும் வேலையைக் கொந்தராத்து எடுத்திருந்தவர் தில்லைநாதன். திறப்பு விழாவுக்குத் திகதி குறித்தாகிவிட்டது.

ஒருநாள் கப்பலின் மூத்த மாலுமி அப்துல் றசாக் அன்ரோனெற்றிடம் வந்தார்.

"தங்கச்சி, டேவிட்டுக்கு மட்டும் இப்ப பெயின்ற் அடிச்சுப் போடாதேங்கோ."

"ஆர் நானா டேவிட்? மன்னாரில இருந்து வாற எலெக்ரீசியனோ?"

றசாக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவளை உயிர்காப்புப் படகுக்குக் கீழே கூட்டிப்போய் நிறுத்தினார். முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய இரும்புக் கைகள் படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இந்த ரெண்டு கையையும்தான் டேவிட் எண்டிறது. கப்பல் தாழுற நேரம் கறண்டும் இராது, எஞ்சினும் இராது. பிறேக்கை உயத்தினாக் காணும். படகின்ர பாரத்தில ரெண்டு கையும் இந்தச் சில்லுகளில உருண்டு கடல் பக்கம் சாயும். பிறகு கம்பி ஓடிப் படகு தண்ணிக்கு இறங்கும். ஆனா ரெண்டும் ஒண்டாச் சாயவேணும். ஒண்டு இறுகி நிண்டுது எண்டா..." அவர் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார். "உள்ள இருக்கிறவன் கடலுக்கதான்."

அன்ரோனெற் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தாள். கறள் செதில் செதிலாகக் கையோடு வந்தது.

"மெக்கானிக் வந்து இதுகளைக் கழட்டிக் கறள் எடுத்து, கிறீஸ் போடவேணும். அதுக்குப் பிறகும் சில்லில பெயின்ற் படக்கூடாது. விளங்கினதோ?"

"விளங்கினது நானா."

ஆனால் மெக்கானிக் வரவில்லை. விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், றசாக் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தில்லைநாதன் மேல்தளத்துக்கு வந்தார்.

"இதென்ன, இந்த ரெண்டு கையும் மாத்திரம் கறளோட அசிங்கமாய் நிக்குது? உடன அடி."

"சில்லுகளுக்குக் கிறீஸ் போடேல்லை அண்ணை. றசாக் நானா சொன்னவர்..."

"றசாக்கே உனக்கு வேலை தந்தது? வாற பெரியாக்கள் சில்லைச் சுத்திப் பாக்கவே போகினம்? வெள்ளையாத் தெரிஞ்சாச் சரி. விழா முடிய ஆறுதலாக் கழட்டிச் செய்வம்." குரலைத் தணித்துக்கொண்டார். "அடுத்த மாசம் பள்ளிக்கூடக் கட்டிட வேலையும் எனக்குத்தான் வருது. உங்கள் நாலு பேரையும்தான் கொண்டுபோக இருக்கிறன். றசாக் கேட்டா மெக்கானிக் வந்து பாத்தவர் எண்டு சொல்லிவிடு."

நசீறாவும் மற்ற இருவரும் அப்போது கப்பலின் பின்பக்கம் வேலையாக இருந்தார்கள். அன்ரோனெற் தனியேதான் பூசினாள். சில்லுக்கும் அது உருளும் தண்டவாளத்துக்கும் இடையில் இருந்த இடுக்கைக்கூடத் தடித்த பெயின்ற் நிரப்பி மூடிவிட்டது. பூசி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். வேலை வடிவாகத்தான் இருந்தது.

தொழுகை முடிந்து வந்த றசாக், வெள்ளை வெளேரென்று நின்ற டேவிட்டைப் பார்த்துவிட்டு நேரே அவளிடம் வந்தார்.

"கிறீஸ் போட்டவையோ தங்கச்சி?"

"ஓம் நானா. மெக்கானிக் வந்தவர்."

அவள் அவரைப் பார்க்காமல் பிறஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அவர் நம்பினார். ஆனாலும் ஒருதரம் வெறும் படகை இறக்கிப் பார்க்கவேணும் என்று தில்லைநாதனிடம் கேட்டார். பெயின்ற் காயவில்லை, விழாவுக்கு முதல் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று தில்லைநாதன் மறுத்துவிட்டார்.

விழாவன்று துறை முழுக்கக் கொடி கட்டியிருந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் பந்தலின் கீழ்க் கதிரைகளில் அமர்ந்திருந்தார்கள். உயிர்காப்புப் படகைக் கடலில் இறக்கிக் காட்டுவது நிகழ்ச்சிகளில் ஒன்று. கம்பனி ஆள் ஒருவர் அவசரமாக மேல்தளத்துக்கு ஓடிவந்தார்.

"வெறும் படகை இறக்கினா என்ன வடிவு? மீள்குடியேறின பெண்கள் ரெண்டு பேரை ஏத்துங்கோ. கை காட்டிக்கொண்டு இறங்கினாப் படம் நல்லா வரும்."

"முதல் வெறுமனே இறக்கிப் பாக்கிறதுதான் முறை" என்றார் றசாக்.

"நேரமில்லை. பெரியாக்கள் வெயிலில இருக்கினம்."

நசீறா துள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். செம்மஞ்சள் மிதவைச் சட்டையை முக்காட்டுக்கு மேலால் மாட்டிக்கொண்டு, "வாங்கோ அக்கா, நாங்க ரெண்டு பேரும் போவம். என்ர பிள்ளையள் பேப்பரில படம் பாக்கட்டும்" என்று அன்ரோனெற்றின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்குத் தலை சுத்தும். நீ போ."

அன்ரோனெற் கையை விடுவித்துக்கொண்டாள். ஒன்றும் நடக்காது, எத்தனையோ கப்பலில் இப்படித்தான் பூசியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். றசாக் படகை இரும்புக் கைகளோடு பிணைத்திருந்த கட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, படகின் பின்பக்கத்தில் ஏறினார். நசீறா நடுவில் இருந்து துறையிலுள்ள கூட்டத்துக்குக் கையசைத்தாள். பிறேக் பிடிக்கும் மாலுமி நெம்புகோலை உயர்த்தினான்.

முன்கை உருண்டது. பின்கை அசையவில்லை.

கண் மூடித் திறப்பதற்குள் படகின் மூக்குக் கடல் பக்கம் சரிந்து கீழே தொங்கியது. கையசைத்துக்கொண்டிருந்த நசீறா, அசைத்த கையை இறக்குவதற்கு முன்னமே படகிலிருந்து உருண்டு, கப்பலின் பக்கத்தகட்டில் அடிபட்டுக் கடலில் விழுந்தாள். அவளைப் பிடிக்க எட்டிய றசாக் சறுக்கினார். ஊசலாடித் திரும்பிய படகுக்கும் தள விளிம்புக்கும் இடையில் அவர் வலது கால் அகப்பட்டுக்கொண்டது. துறையில் நின்ற வாத்தியக்காரர் சில நொடி வாசித்துக்கொண்டே இருந்தார்கள். றசாக்கின் அலறல் கேட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

அன்ரோனெற்றின் பார்வை படகில் இல்லை, பின்கையின் சில்லில் இருந்தது. அவள் பூசிய பெயின்றில் ஒரு கீறல்கூட விழவில்லை.

நசீறாவை மீனவர்கள் தூக்கி எடுத்தார்கள். தோள் எலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்திருந்தன. றசாக்கைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டதாக மூன்றாம் நாள் செய்தி வந்தது.

அன்றைக்கே தில்லைநாதன் அன்ரோனெற்றின் வீடு தேடி வந்தார்.

"விசாரணைக்குக் கொழும்பில இருந்து ஆள் வருது. பின்பக்கக் கட்டை றசாக் கழட்ட மறந்திட்டார், அதுதான் படகு சரிஞ்சது. நீ பக்கத்தில நிண்டனி. கட்டு இருந்ததைக் கண்டனான் எண்டு சொன்னாக் காணும்."

"அண்ணை... அந்த மனுசன் கட்டெல்லாத்தையும் கழட்டினவர். நான் பாத்தனான்."

"அவருக்குக் கால் போட்டுது. இனி உண்மை சொன்னா முளைக்கவே போகுது? பெயின்ற் அடிச்சது நீ எண்டதை மறந்திடாதை. பிழை எண்டு வந்தா முதல் உன்ர தலையிலதான் விடியும்."

மறுநாள் அவள் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நசீறா அசையாமல் படுத்திருந்தாள். நெஞ்சைச் சுற்றிக் கட்டு. கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, நீங்க ஏன் ஏறேல்லை?"

"தலை சுத்து..."

"மண்டபத்தில மூண்டாம் மாடிக்கு ஏணி வச்சுப் பெயின்ற் அடிச்ச கதையெல்லாம் சொல்லுவீங்க. அப்ப சுத்தாத தலை அண்டைக்கு ஏன் சுத்தினது?"

அன்ரோனெற் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கறளை மூடிப் பூசியதையும் றசாக்கிடம் பொய் சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். எல்லாம் சொல்லி முடிந்ததும், நசீறா முறியாத கையால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"போங்க அக்கா. அல்லாஹ்வுக்காகப் போங்க. உங்கட முகத்தைப் பாக்கப் பயமாக் கிடக்கு."

விசாரணை கப்பலிலேயே நடந்தது. வந்திருந்த அதிகாரி சிங்களவர். மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து துசாந்தினி என்ற பெண் மொழிபெயர்க்க வந்திருந்தாள். தில்லைநாதன் தன் வாக்குமூலத்தைச் சொல்லிவிட்டு, மாலுமி ஒருவனை விட்டு டேவிட்டை ஆட்டிக் காட்டச் சொன்னார். இரண்டு கைகளும் கிறீஸ் மினுங்க, வழுக்கிக்கொண்டு உருண்டன.

"பாருங்கோ, ஒரு குறையும் இல்லை. கட்டைக் கழட்டாமல் பிறேக்கை விட்டா ஆர் என்ன செய்யிறது? இந்தப் பிள்ளை கண்ட சாட்சி."

எல்லோரும் அன்ரோனெற்றைப் பார்த்தார்கள். அவள் பின்கையின் அருகே போனாள். சில்லுப் பக்கத்தில் விரலை வைத்தவள், திடுக்கிட்டு நின்றாள். நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கியது.

"இது நான் அடிச்ச பெயின்ற் இல்லை" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார். துசாந்தினி மொழிபெயர்த்தாள்.

"நான் அடிச்சுப் பத்து நாளுக்கு மேல. இந்தக் காத்துக்கு அது கல்லு மாதிரிக் காஞ்சிருக்கும். இது நேற்றோ முந்தநாளோ அடிச்சது. எனக்கொரு தகடு தாங்கோ."

தில்லைநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தகடொன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அன்ரோனெற் சுரண்டினாள். மேல் வெள்ளை பசைபோல உரிந்து வந்தது. அதன் கீழே சுத்தியலால் அடித்த தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. தழும்புகளுக்கு நடுவே அவள் பூசிய பழைய வெள்ளை கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சுரண்டினாள். செங்கறள் பொலபொலவென்று கொட்டியது. அதிகாரி கைக்குட்டையை விரித்து அதை ஏந்திக்கொண்டார்.

"கட்டுத்தான் பிழையெண்டா, அந்தக் கட்டை அவிட்டதோட இந்தக் கை தானாச் சாஞ்சிருக்கும். ஏன் பிறகு ஆக்களை விட்டுச் சுத்தியலால அடிச்சு இளக்கினவை? அடிச்ச தழும்பை ஏன் பூசி மறைச்சவை?" அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "றசாக் நானா கட்டைக் கழட்டினவர். அவரில பிழையில்லை. கறளுக்கு மேல பூசினது நான். பூசச் சொன்னது இவர். கிறீஸ் போட்டாச்சு எண்டு நானாவுக்குப் பொய் சொன்னதும் நான்தான்."

இதைச் சொன்னால் குற்றம் உன்மேலும் வரும், தெரியுமா என்று அதிகாரி கேட்பதாகத் துசாந்தினி சொன்னாள்.

"தெரியும். எழுதச் சொல்லுங்கோ."

கொந்தராத்து பறிபோனது. தில்லைநாதன் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். றசாக்கின்மேல் பிழையில்லை என்று எழுதியபடியால் அவருக்குக் கம்பனி நட்டஈடு கொடுக்கவேண்டி வந்தது. அன்ரோனெற்றும் நீதிமன்றப் படி ஏறினாள். நீதவான் கடுமையாக எச்சரித்து, தண்டம் விதித்து விடுவித்தார். பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை. ஐந்து மாதம் கருவாடு காயப்போடும் வாடியில் மீன் வெட்டினாள். றசாக்கின் வீட்டு வாசல்வரை இரண்டுதரம் போய், உள்ளே நுழையத் துணிவில்லாமல் திரும்பினாள். மூன்றாம் தரம் அவரே கண்டுவிட்டு, ஊன்றுகோலோடு எழும்பி, "உள்ள வா" என்றார்.

ஆறாம் மாதம் நசீறா வாடிக்குத் தேடி வந்தாள். தோள் இன்னும் முழுதாக உயரவில்லை. மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு எதிரே இருந்தாள்.

"எனக்குக் கோவம் போகேல்லை அக்கா. ஒண்டு கேட்டிட்டுப் போக வந்தனான். நீங்க பேசாமல் இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிய வந்திராது. ஏன் சொன்னீங்க?"

அன்ரோனெற் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தை நேரே பார்த்தாள்.

"நான் அண்டைக்குச் சொன்ன ஒரு 'ஓம்'ஐ நம்பித்தான் நானாவும் நீயும் அந்தப் படகில ஏறினீங்கள். செய்யாத வேலையைச் செய்தாச்சு எண்டு சொல்லுறது சின்னப் பொய் எண்டு நினைச்சன், நசீறா. அப்பிடிச் சின்னப் பொய் எண்டு ஒண்டு இல்லை. அதை நம்பி ஆரோ ஒராள் தன்ர உயிரைக் கொண்டுவந்து வைக்குது. எங்கட கையால செய்யிற வேலை சரியில்லையெண்டா, வேலை போனாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து சொல்லிப்போட வேணும்."