நான் போட்ட பூட்டு

பெற்ற மகளின் முகம் மறந்துபோகுமா என்று கேட்டால், போகும். எனக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. வலது கன்னம் என்றுதான் நினைக்கிறேன். சோறு வடிக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் நினைத்துப் பார்ப்பேன். மச்சம் மட்டும் வரும், முகம் வர மாட்டேன் என்கிறது.

வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. எல்லாவற்றையும் எரித்த மகராசன் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், கூடப் படித்த பையனைப் பெங்களூரில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கே கிணற்றடியில் தலை முழுகினேன். ஈரத்தோடு வந்து ஆல்பம், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தினேன். இனிமேல் அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றேன். என் சம்சாரம் நஞ்சம்மாள் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் எரிக்கவில்லை. அவள் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். மேலே முத்திரை இருந்தது. அரசாங்கப் பொருளை எரித்தால் கேஸ் போட்டுவிடுவார்களோ என்று பயம். பெண்ணை விரட்டியவனுக்கு கேஸ் பயம்! உரச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். அவள் கல்யாணத்துக்கென்று வருஷத்துக்கு ஒன்றிரண்டாக வாங்கி, பேர் வெட்டி வைத்திருந்த பாத்திரங்களும் அங்கேதான் கிடக்கின்றன.

நஞ்சம்மாள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எப்படியோ செய்தி எட்டி மகளும் வந்தாள். பந்தலுக்கு வெளியே நின்று அழுத சத்தம் எனக்குக் கேட்டது. நான் நிமிரவில்லை. ரோஷம். சுடுகாடு போய்த் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். நஞ்சம்மாளின் போனில் இருந்த மகள் நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லையாம். ஒரு பெண் அதை மூன்று பாஷையில் சொல்கிறாள். சில நாள் அந்தக் குரலைக் கேட்பதற்காகவே போடுவேன். அன்றைக்கு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால், இன்றைக்கு உரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

காலேஜில் எடுத்த போட்டோவெல்லாம் அந்த லேப்டாப்புக்குள் இருக்கும். போன வாரம் இறக்கி, துடைத்து, கரண்ட் கொடுத்தேன். உயிர் வந்தது. வந்த உடனே பாஸ்வேர்டு கேட்டது. அந்தப் பூட்டைப் போட்டதும் நான்தான். பையனோடு அதில் பேசுகிறாள் என்று யாரோ காதில் ஓதியதும், அவளுக்குத் தெரியாமல் அரூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப் போனேன். எவன் வந்தாலும் திறக்கக் கூடாது என்று சொல்லிப் பூட்டுப் போடச் சொன்னேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஒற்றை விரலால் நானே அடித்தேன். என்ன அடித்தேன் என்பதுதான் இப்போது ஞாபகம் இல்லை. அந்தக் கடை இருந்த இடத்தில் இன்றைக்கு ஜூஸ் விற்கிறார்கள்.

அதனால் தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வஹிதா என்ற பெண் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். முப்பது வயசு இருக்கும். மகளுக்கும் ஏறக்குறைய அதே வயசுதான். சாக்கிலிருந்து நான் எடுப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தாள், அதுவே பெரிய விஷயம்.

கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு, "ரெண்டு பூட்டுப் போட்டிருக்காங்க அய்யா," என்றாள். "மெஷினுக்கு ஒண்ணு, உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்ணு. மெஷின் பூட்டக்கூட எப்படியாவது எடுத்துடலாம். டிஸ்க்கு பூட்டு அப்படி இல்லீங்க. கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலும் கேக்குது. அழிச்சிட்டு புதுசா போடலாம். ஆனா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்."

"போனா அப்பறம் எனக்கு எதுக்கும்மா இந்தப் பொட்டி? உள்ள போட்டா இருக்குது. அதான் வேணும்."

"அப்ப நீங்கதான் ஞாபகப்படுத்திச் சொல்லணும். ரெண்டுக்கும் ஒரே வார்த்தையாத்தான் போட்டிருப்பாங்க. நீங்க அடிச்சதுதானே?"

சொன்னேன். மாரியம்மா, நஞ்சம்மாள், செத்துப்போன என் அப்பன் பேர், மொபெட் நம்பர், செவலை மாடு, போர்வெல்லில் தண்ணீர் வந்த தேதி. மூன்று தரம் தப்பானால் மெஷின் நின்றுவிடும். அணைத்து மறுபடியும் போடுவாள். அவளுக்கு வந்த பொறுமை எனக்கு வாய்த்திருந்தால் என் பிழைப்பே வேறாக இருந்திருக்கும்.

"பொண்ணு பேரு என்னங்க?"

"அத எதுக்கும்மா கேக்கற? அவ தெறக்கக் கூடாதுன்னு போட்ட பூட்டு. அதுல அவ பேரையே போடுவனா? அந்தப் பேர எங்க வூட்ல சொல்றதும் இல்ல."

என் குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண் மெஷினைக் கவிழ்த்து, "பேட்டரி உப்பியிருக்குதுங்க, எடுத்துடறேன்," என்று கழற்றினாள். அதன் அடியிலிருந்து நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று விழுந்தது.

மகள் கையெழுத்து. முகம் மறந்த எனக்கு அது மறக்கவில்லை. கண்ணாடி கொண்டுபோகாததால் வஹிதாவிடமே நீட்டினேன்.

அவள் படித்தாள். "மாரியம்மா. அம்மா பேரு. தாத்தா பேரு." கொஞ்சம் நிறுத்தி, "மொபெட் நம்பர். செவலை. போர்வெல் தேதி," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாத்தையும் மூணு மூணா எழுதி, கோடு போட்டு அடிச்சிருக்காங்க அய்யா. நீங்க சொன்னது எல்லாமே இதுல இருக்குதுங்க."

பூட்டுப் போட்ட பிறகு ஒரு மாசம் மகள் எங்களோடு இருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுத்தக்காரி என்று நினைத்தேன். நான் காட்டுக்குப் போன நேரமெல்லாம் உட்கார்ந்து இதைத்தான் செய்திருக்கிறாள். அப்பனுக்கு எதன் மேலெல்லாம் பிரியம் என்று கணக்கெடுத்திருக்கிறாள்.

"கடைசியா ஒரு வரி இருக்குது. அத அடிக்கல," என்றாள் வஹிதா. சொல்லத் தயங்கினாள்.

"படிம்மா."

"வேற என்ன புடிக்கும் அப்பாவுக்கு?"

அந்தத் தாளில் மாடு இருந்தது, மொபெட் இருந்தது. இருபது முப்பது பேர் எழுதியவளுக்குத் தன் பேரை எழுதத் தோன்றவில்லை. அவள் என்ன செய்வாள்? இத்தனை நேரம் எனக்கே தோன்றவில்லையே.

அப்போதுதான் அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. அரூரில் கம்ப்யூட்டர் கடைக்குப் போகும் வழியில் பாத்திரக் கடையில் ஏறினேன். அவ்வளவு கோபத்திலும் ஏறினேன். அவளுக்கென்று சொல்லிவைத்திருந்த எவர்சில்வர் குடம் வந்திருந்தது. "என்ன பேருங்க வெட்டணும்?" என்று கேட்டார்கள், சொன்னேன். குடத்தைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். "ஒரு பேரு அடிங்க," என்றார் கடைக்காரர். பொருள் யாருடையதோ அவர்கள் பேரைத்தானே வெட்டுவோம்? நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

"கொஞ்சம் இப்பிடித் திருப்பும்மா, நானே அடிக்கறேன்."

கலைமதி. ஆங்கிலத்தில் பத்து எழுத்து. கண்ணாடி இல்லாமல் ஒவ்வொன்றாகத் தேடி அடிக்க வெகுநேரம் ஆனது. திரை ஒரு தரம் கறுத்தது. மறுபடியும் கேட்டது. மறுபடியும் அதையே அடித்தேன். திறந்துகொண்டது.

வஹிதா எங்கெங்கோ தட்டிப் போட்டோவைக் கொண்டுவந்தாள். காலேஜ் மரத்தடி. துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். மச்சம் இடது கன்னத்தில் இருக்கிறது. இத்தனை நாளாக வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடையில் ஆள் வருவதும் போவதுமாக இருந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

உள்ளே அவள் நம்பரோ விலாசமோ கிடைக்குமா என்று வஹிதா தேடிப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முந்தைய பாடங்களும் அனுப்பாத ஒரு வேலை விண்ணப்பமும்தான் இருந்தன.

"பூட்டு ரெண்டையும் எடுத்துடட்டுங்களா அய்யா? ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டியதில்ல."

"வேணாம்மா," என்றேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இப்போது தினமும் சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு வந்து அதைத் திறக்கிறேன். விரல் எழுத்தைத் தேடும்போது வாயும் கூடவே சொல்கிறது. இரண்டு பூட்டுக்கு இரண்டு தரம். சத்தமாகத்தான் சொல்கிறேன். சொல்லக் கூடாது என்று தடுக்க இந்த வீட்டில் இப்போது யாருமில்லை.