வாசலில் குறைந்த இரண்டு மில்லி

ஆர்க்கிடெக்ட் லியாவ் அனுப்பும் வரைபடத்தைக் கணினிக்குள் இறக்கி, அதன் மேல் வீட்டைச் சுவர் சுவராக எழுப்புவது ரூய்ஃபென்னின் வேலை. அந்த மாதிரியைப் பார்த்துத்தான் கல் அறுப்பவர்களும் தச்சர்களும் அளவு எடுப்பார்கள். ஜியாயி ஊரில் இருந்த கிளை அலுவலகத்தை மூடிவிட்ட பிறகு அதை வீட்டிலிருந்தே செய்தாள். லியாவ் பேசுவதில்லை. கோப்பு வரும், கோப்பு போகும்.

இறக்கிய படத்தில் கோடுகள் சுத்தமாக இருப்பதில்லை. தொள்ளாயிரம் மில்லிமீட்டராக இருக்க வேண்டிய சுவர் இம்மி குறைந்து நிற்கும். வரைந்தவரின் அவசரம். ரூய்ஃபென் அலகைச் சரிபார்ப்பாள், தெரிந்த ஒரு சுவரை அளந்து பார்ப்பாள், பிறகு உதிரி மில்லிகளை ஐந்தின் மடங்குகளாகத் திருத்துவாள். யாரும் சொன்னதில்லை. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் கை தானாகச் செய்யும்.

அன்று காலை தைனானிலிருந்து மேஸ்திரி கோ போனில் கூப்பிட்டான்.

“அக்கா, என் வாசலை எதுக்குக்கா நறுக்கினே?”

“எந்த வாசல்?”

“தூ அம்மா வீட்டுத் தலைவாசல். கருங்கல் நிலை வெச்சாச்சு. அந்தம்மா டேப்பைப் போட்டுப் பாத்தாங்க. கறுப்பு எழுத்துல நிக்குது. ‘பிரிவு’ன்னு. இப்போ தெருவுல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. உள்ள வரமாட்டாங்களாம்.”

அந்தப் பக்கத்து டேப்பில் நல்ல அளவுகளுக்கு நேரே சிவப்பிலும் ஆகாத அளவுகளுக்கு நேரே கறுப்பிலும் பலன் எழுதியிருக்கும்; வாசலை அதைப் பார்த்துத்தான் வைப்பார்கள். ரூய்ஃபென் இரண்டு கோப்புகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். லியாவின் படத்தில் வாசல் சிவப்பு எழுத்தின் விளிம்புக்குள் இருந்தது. இறக்கியபோது மென்பொருள் அதை மாற்றவில்லை. அவளுடைய மாதிரியில் மட்டும் இரண்டு மில்லி குறைவு. ஏன் இந்த அளவு என்று லியாவ் எழுதவில்லை. அந்தப் பக்கம் யாரும் எழுதுவதில்லை. தலைவாசல் அளவு உதிரி இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் வாசல் என்றால் திரையில் இரண்டு கோடு என்று அவளுக்கு ஆகி நாளாயிற்று.

“பக்கத்துக்கு ஒரு மில்லி தேய்ச்சா சரியாயிடும் கோ.”

“அது எனக்குத் தெரியாதா? கை வைக்க விடமாட்டேங்கறாங்க. செஞ்சது யாருன்னு தெரியணுமாம். கம்ப்யூட்டர்னு சொன்னேன். ‘அதைக் கூட்டிட்டு வா’ங்கறாங்க.”

“லியாவ் சார் என்ன சொல்றார்?”

“சாயந்திரத்துக்குள்ள அந்தம்மா உள்ள போகலைன்னா வேற ஆள் பாத்துக்கறாராம். எனக்கும் சரி, உனக்கும் சரி. நீ வா. இறக்கும்போது மெஷின் தப்பு பண்ணிடுச்சுன்னு உன் வாயால சொல்லு. படிச்சவ சொன்னா நம்புவாங்க.”

லியாவின் கோப்புகளும் நின்றுபோனால் அவள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எதுவும் வராது. ரூய்ஃபென் ரயில் ஏறினாள். வழியில் சொல்லிப் பார்த்தாள். “படத்தை இறக்கறப்போ அளவு மாறிடும்மா.” பக்கத்து இருக்கைக்காரர் தன்னிடம் என்று நினைத்துத் தலையசைத்தார்.

தூ அம்மா மெலிந்த உருவம். மடியில் டேப்.

“நீதான் கம்ப்யூட்டரா?”

கோ பின்னாலிருந்து கண் காட்டினான். ரூய்ஃபென் வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை.

“இல்லைம்மா. கம்ப்யூட்டர் சரியாத்தான் வெச்சிருந்தது. நான்தான் குறைச்சேன்.”

கோ வானத்தைப் பார்த்தான்.

“ஏன்?”

“உதிரியா இருந்துச்சு. பாக்க நல்லா இல்லை.”

“நல்லா இல்லையா!” தூ அம்மா எழுந்துவிட்டாள். “சிஞ்சூவுல இருக்கற பையனை இங்க வந்து இருன்னு கெஞ்சிக் கூப்பிட்டிருக்கேன். மருமக கால்ல விழாத குறை. அவங்க வர்ற வாசல்ல ‘பிரிவு’ன்னு எழுதி வெக்கறியா நீ? எந்த ஊரு?”

“ஜியாயி.”

“ஜியாயியில வாசல் கிடையாதா? வான்கோழி மாதிரி வேலி தாண்டித்தான் போவீங்களா? உங்கம்மா டேப் காட்டலையா? இந்த வயசுக்கு இது தெரியலைன்னா வேற என்ன தெரியும் உனக்கு? நிமிந்து பாரு, உன்கிட்டதான் பேசறேன்!”

ரூய்ஃபென் நிமிர்ந்தாள். காது சுட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அவளைப் பார்த்து, அவளுக்கென்றே ஒருவர் இவ்வளவு பேசி எத்தனையோ காலமாயிற்று. மூச்சு வாங்க தூ அம்மா நிறுத்தியபோது, முடிந்துவிட்டதோ என்று பயந்தாள்.

முடிந்துதான் விட்டது.

“தேய்டா,” என்றாள் தூ அம்மா கோவிடம். “காலையிலேருந்து மெஷின், மெஷின்னு. மெஷினைப் போய் எப்படித் திட்டறது?”

கல் அலறியது. வெள்ளைத் தூள் எல்லார் மேலும் படிந்தது. கோ துடைத்துவிட்டு விலகினான். தூ அம்மா தானே டேப்பை இழுத்து, கண்ணாடியை ஏற்றி, மேலும் கீழும் நடுவிலும் வைத்துப் பார்த்தாள். சிவப்பு. வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கோவும் ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார்கள்.

உள்ளே சமையலறைக் குழாய் ஒழுகுகிறதாம். இப்போது கோவுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். கோவும் சிரித்தான்.

ரூய்ஃபென் வெளியே நின்றாள். தனக்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று சற்று நேரம் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் தோளில் இருந்த தூளைத் தட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.