எண்ணாமல் விட்ட ஞாயிறு

இஞ்ஞாசி ஆராய்ந்தது கடற்பாசியை. டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் தங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத வேலை ஒன்றை மூன்று மாதம் பார்த்தாக வேண்டும் என்று சொல்லி, எண்பத்தொன்றில் பல்கலைக்கழகம் அவனைப் பஸ் கம்பெனிக்கு அனுப்பியது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட யாருக்குத்தான் தோன்றியதோ! ஆனால் அவன் அம்மா பிலோமினம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் மவன் பஸ் கம்பெனியில ஆபீசர் லா," என்று கோவில் வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னாள்.

தீவின் ஓரத்தில் இருக்கும் பொங்கோல் கோடிக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. திங்கள் முதல் சனி வரை வெயிலில் நின்று ஒழுங்காக எண்ணினான். ஞாயிறும் கிளம்பியவனை அம்மா மறித்துக்கொண்டாள்.

"பூசையை விட்டுட்டு ஆள் எண்ணப் போறியா? ஆண்டவர் நாள்டா!"

சரியென்று கிளமெண்டி வீட்டிலிருந்து அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்கே போனான். ஆறு நாளும் நாலைந்து பேர்தான் ஏறினார்கள், ஞாயிறு மட்டும் என்ன வாழப்போகிறது என்று, பஸ் காலியாகத்தான் ஓடுகிறது, நிறுத்திவிடலாம் என்று எழுதியும் கொடுத்தான். மாணவன் எழுதுவதை யார் மதிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. பாவிகள் மதித்துவிட்டார்கள். அடுத்த மாதமே பஸ் நின்றது.

கோவிலில் அம்மாவின் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. அது பிரிஜட்டின் இடம். பொங்கோலில் தனியாக இருக்கும் விதவை. வாரம் ஒருமுறை நாலு பேரிடம் வாய்விட்டுப் பேச, இந்தத் தமிழ்ப் பூசையை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. "ஞாயித்துக்கிழமை அந்த பஸ்ஸுல நிக்க இடம் இருக்காதும்பாளே," என்றாள் அம்மா.

பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லிக் கம்பெனி மேலாளர் இராஜசிங்கத்திடம் இஞ்ஞாசி ஓடினான். "நீர் தந்த கணக்குத்தானே? திறமான கணக்கு. நாளையோட உம்மட மூண்டு மாசம் முடியுது. போய்ப் பாசியைப் பாரும்," என்று அவர் சிரித்தார்.

மறு ஞாயிறு பொங்கோலுக்கு ஸ்கூட்டரை விட்டான். நல்ல சேலையும் கையில் ஜெபமாலையுமாக, பஸ் வராத நிறுத்தத்தில் பிரிஜட் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏறுங்க ஆன்ட்டி, பூசைக்குப் போவோம்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு இதுல எப்படிப்பா ஏறுவேன்? வாராவாரம் நின்னு பாக்குறேன், பஸ்ஸக் காணோம். நீதான் உள்ள இருக்கியே, ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பாங்களாமே, உங்கம்மாதான் சொன்னாங்க."

கேட்டுத்தான் தொலைத்தார்கள். இப்போது அந்தக் கம்பெனியில் அவன் வேலையும் முடிந்து போயிருந்தது.

"சொல்றேன் ஆன்ட்டி."

"அது போதும்யா. அடுத்த ஞாயிறும் இங்கயே நிக்கிறேன்," என்று அவன் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.