வலப்பக்கத் தமனியும் இடக்கையும்

...ஆகவே மூளைக்குக் குருதி செல்லும் பெருவழிகள் நான்கு எனப்படும், கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் முள்ளெலும்புத் துளைகளின் ஊடாக இரண்டு, அவை மூளையின் அடியில் இணைந்து வளையமாகின்றன, ஒரு வழி அடைபட்டால் மற்றொன்று உதவும்பொருட்டு... மகள் நட்சுமேயின் வளையம் ஏன் உதவவில்லை? வலப்பக்கத் தமனி குறுகிப்போக, அதனைச் சூழ்ந்து நூலினும் மெல்லிய குழல்கள் புகைபோலப் படர்ந்திருந்ததை மூளைப் படத்தில் கண்ட பிறகல்லவா குனிஹிகோ இவற்றையெல்லாம் கற்றான், தலை நரைத்தபின், மகளுக்கு ஒன்பது வயதானபின்... சூடான உடானை, சாற்றில் மிதக்கும் அந்தத் தடித்த நூடுல்ஸை, ஊதி ஊதி ஆற்றும் குழந்தை கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றுகிறது, அதனால் தமனிகள் சுருங்குகின்றன, வலமூளை வாடுகிறது, இடக்கை சோர்கிறது. இத்துணை எளிய உண்மை, அன்று தெரிந்திருந்தால்? அன்று அவனுக்குத் தெரிந்தது கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி உண்பதே ஒழுக்கம் என்பது மட்டும். "கிண்ணத்தத் தூக்குடி. குனிஞ்சு நக்குறதுக்கு நீ என்ன நாயா?" தகமட்சு நகர் முழுவதும் கேட்கும்படி, இதே கடையில்... அவள் முயன்றாள், முடியவில்லை, அதனைப் பிடிவாதம் என்று கொண்டவன் தகப்பன் அல்லனோ...

இப்போது ஊதுவது கூடாது, ஆவி அடங்கும்வரை இருவரும் காத்திருக்கின்றனர். "என்னண்ணே, கிண்ணத்துக்குக் காவலா? ஆறிப்போனா அது உடான் இல்ல, போஸ்டர் ஒட்டுற பசை," என்றாள் கடைக்காரி தொமொயே. "பசைன்னாலும் தின்னுவேன் அத்தை, அப்புறம் வாய் ஒட்டிக்கும், அப்பாவுக்கு நிம்மதி!" என்று நட்சுமே சிரித்தாள், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள், அவனும் சிரித்தான், எத்தனை நாளாயிற்று... அறுவை சிகிச்சை அடுத்த மாதம், பள்ளி விளையாட்டு விழா முடிந்தபின். நெற்றிப்பொட்டின் தமனி ஒன்றை உள்ளே செலுத்தி மூளைத் தமனியோடு தைப்பார்கள். கை சோர்ந்தால் உடனே சொல்ல வேண்டும், அப்படியானால் சிகிச்சையை முன்னதாகவே வைத்துவிடலாம் என்றிருந்தார் மருத்துவர். சொல்வாள், ஏன் சொல்லமாட்டாள்... ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் வலக்கையால் இடக்கையைத் தூக்கினாள், கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தாள், விரல்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்தினாள், குனிந்து பார்க்காமலே, நெடுநாள் பழகிய வேலையைப்போல.

"கை எப்படியிருக்கு கண்ணு?"

"நல்லாத்தான் இருக்குப்பா," என்றாள், கேள்வி முடியும் முன்பே.

வண்டி அழையுங்கள் என்று தொமொயேயிடம் சொல்லியாயிற்று, மருத்துவமனைக்கு இதோ புறப்படலாம், ஆனால்... வாரந்தோறும் மருத்துவர் கேட்டாரே, கை சோர்ந்ததா என்று, இல்லை, ஒருமுறையும் இல்லை என்று இவனல்லவா அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டு விடை சொன்னான், அதைக் கேட்டல்லவா அவர் சிகிச்சையை அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்... அவ்வேளைகளில் நட்சுமே எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்?