தெரியாதவர்கள் வரலாம்

முதுகுவலி என்று சொல்லிவிடலாம். ஆனால் முதுகுவலி என்றால் திங்கட்கிழமையிலிருந்து மூட்டையைத் தொட விடமாட்டார்கள், பாவம் பார்த்துப் பார்த்தே படுக்க வைத்துவிடுவார்கள். கண் என்றால் முனியம்மா அத்தை நானும் வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள், அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பல்? பல்லுக்காக யார் பெங்களூர் போவார்கள், ஆலங்காயத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். வயிறு என்றால் வேறு பேச்சு கிளம்பும். பையனுக்குப் பன்னிரண்டு வயதாகிறதே, இப்போதா என்று.

ஈஸ்வரி சாமையைப் புடைத்துக்கொண்டே ஒவ்வொரு வியாதியாக எடுத்துப் பார்த்து, புடவைக் கடையில் மடித்து வைப்பதுபோலத் திரும்ப வைத்தாள். எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை. உடம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. இந்தப் பத்து நாளாக இருப்பதுபோல அது எப்போதும் இருந்ததில்லை என்றுகூடத் தோன்றியது. காலையில் அடுப்பு மூட்டும்போதே கால் விரல்களில் ஒரு குறுகுறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெங்களூர் போகிறாள். ஐஸ் தரையில் கல்லை வழுக்கி விடுகிற ஒரு விளையாட்டை விளையாடிப் பார்க்க. அதற்குப் பெயர் கர்லிங். இதை வெளியே சொல்லாமல் இருக்கத்தான் வியாதி தேவைப்பட்டது.

ஆரம்பித்து வைத்தது செல்போன். மலைமேல் இருக்கும் காவலூரில் சாமை சுத்தம் செய்கிற கொட்டகையில் அவளும் ரத்தினம்மாளும் குப்பம்மாவும் வேலை செய்தார்கள். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு மூட்டைமேல் சாய்ந்திருந்தபோது அந்த வீடியோ தானாக வந்தது. ஏதோ குளிர் தேசத்தில் நான்கு பெண்கள். ஒருத்தி மண்டியிட்டு, பிடி வைத்த வட்டக் கல்லோடு தானும் வழுக்கிக்கொண்டே போய், கையை எடுத்தாள். மற்றவர்களில் இரண்டு பேர் கல்லுக்கு முன்னால் ஓடி ஓடி பிரஷ்ஷால் தரையைத் தேய்த்தார்கள். கல் அவசரமே இல்லாமல் போய், வரைந்திருந்த வட்டத்துக்குள் நின்றது.

ரத்தினம்மாள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, எந்திரக்கல்ல இஸ்துகினு போறாளுங்க?"

அது அப்படியேதான் இருந்தது. கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, மாவு அரைக்கிற கை எந்திரத்தின் மேல்கல் ஒன்றைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கருங்கல், வட்டம், மேலே மரப்பிடி. ஈஸ்வரி அதைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வழவழவென்று பூசிய சிமெண்டுத் தரையில் காலையில் கொட்டிய சாமை சிதறிக் கிடந்தது. அதில் கால் வைத்து விழாதவர்கள் அந்தக் கொட்டகையில் இல்லை. அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்பே பெருக்கிவிடுவார்கள். அன்றைக்குப் பெருக்கியிருக்கவில்லை.

முதல் தடவை பலம் கொண்ட மட்டும் தள்ளினாள். கல் தறிகெட்டு ஓடிச் சுவரில் மோதியது. இரண்டாவது தடவை தள்ளவில்லை. மண்டியிட்டு, கல்லோடு நாலு அடி நகர்ந்து, சும்மா கையை எடுத்தாள். சாமைமேல் மழைத் தூறல்போல ஒரு சத்தம். கல் அவள் கையை விட்டுப் போய்விட்டது, ஆனால் அவளும் அதோடு போய்க்கொண்டிருந்தாள். குப்பம்மா சாக்பீஸால் போட்டிருந்த வட்டத்தின் கோட்டுக்கு உள்ளே, ஒரு சாண் உள்ளே, அது நின்றது.

ரத்தினம்மாளுக்குப் பொறுக்கவில்லை. வீடியோவில் பார்த்ததுபோலத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை கல்லுக்கு முன்னால் குனிந்து பரபரவென்று பெருக்கினாள். ஐஸில் பெருக்கினால் கல் தூரம் போகும். இங்கே உருட்டிக்கொண்டு போவதே சாமைதான். அதைப் பெருக்கிவிட்டதும் கல் கிறீச்சென்று பாதியில் உட்கார்ந்துவிட்டது. மூவரும் சிரித்ததில் குப்பம்மாவுக்குப் புரையேறியது.

"பெருக்கிக் கெடுத்த மொத வேல இதாண்டி எனக்கு," என்றாள் ரத்தினம்மாள், துடைப்பத்தைப் பிடித்த கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அரை மணி நேரம். சிதறிய சாமையைத் தனியாகக் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பத் தூவினார்கள். ஈஸ்வரிக்கு மட்டும் அது அரை மணியோடு முடியவில்லை. குழம்புக்குப் புளி கரைக்கும்போது கை தானாக, கல்லின் பிடியை விடுவதுபோல, ஒரு சின்னத் திருப்பு திருப்பி விட்டது. எதையாவது பிடித்துக்கொண்டிருப்பதே தன் வேலை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பானையை, பிள்ளையை, பேச்சை. ஒன்றைச் சரியாக விடுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை நிவேதாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், அங்கே இதை எங்கேயாவது விளையாட முடியுமா என்று. நிவேதா முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்கே ஆர்வம் வந்து தேட ஆரம்பித்துவிட்டாள். ஐஸ் இருக்கிற இடங்கள் மூன்று கண்டுபிடித்தாள். ஒன்று பிள்ளைகள் பனியை வாரி அடித்துக்கொள்கிற இடம். இன்னொன்றில் சறுக்கு ஷூ போட்டுச் சுற்றி வர மட்டும்தான் விடுவார்கள். மூன்றாவது ஒரு பெரிய மாலின் மேல்மாடியில். அங்கே ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் கர்லிங். கல், பிரஷ், ஷூ எல்லாம் அவர்களே தருகிறார்கள். புடவை கூடாது, பேண்ட் வேண்டும், கெட்டியான சாக்ஸ் வேண்டும். அப்புறம் ஒரு விஷயம் சொன்னாள். அந்த ஐஸ் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்காதாம். தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்துப் பொடிப்பொடியாக உறைய வைப்பார்களாம். கல் அந்தப் பொடிமேல்தான் போகுமாம்.

"சாமை மாதிரி," என்றாள் ஈஸ்வரி.

"ஆமாக்கா. அப்பறம் இன்னா போட்டுக்கீது தெரியுமா? விளையாடத் தெரியாதவங்க வரலாம்னு போட்டுக்கீது."

அந்த வரியை ஈஸ்வரி ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்தபோது சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். கொட்டகையில் சேர்ந்தபோது மெஷின் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்பதையே தகுதியாக வைத்து அவளைக் கூப்பிட்ட இடம் இது ஒன்றுதான். நிவேதா தங்கள் இருவர் பெயரையும் பதிந்துவிட்டாள்.

கணவன் மணிவேல் மினி லாரி ஓட்டுகிறவன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. வீடியோவை இரண்டு தடவை பார்த்தான், கல் எத்தனை கிலோ என்று கேட்டான், கிட்டத்தட்ட இருபது என்றதும் நம் சாமை மூட்டையில் பாதிகூட இல்லையே என்றான். வாணியம்பாடியில் எந்த ரயில் பிடிப்பது என்று அவனே விசாரித்து வந்தான். பிறகு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ போய்ட்டு வா. ஆனா யாரனா கேட்டா ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிடு. பொண்டாட்டி கல்லு தள்றதுக்கு பெங்களூர் போறான்னு தெரிஞ்சா டீக்கடைல என்ன விட்டு வெப்பானுங்களா?"

அவள் சரி என்று தலையாட்டினாள். அது பெரிய விஷயமாகப் படவில்லை. இந்த ஊர்ப் பெண்கள் பெங்களூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், சாவுக்குப் போவார்கள், கல்யாணத்துக்கும் கட்டட வேலைக்கும் போவார்கள். அதில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனால் ஆயிற்று. மறுநாள் கொட்டகையில் அதனால்தான் வியாதிகளைப் புரட்டினாள். கடைசியில் முதுகுவலியே நிலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பஸ். மணிவேல் பைக்கில் கொண்டுவந்து விட்டான். மலைக் குளிரில் வாயைத் திறந்தால் புகை வந்தது. உள்ளே நடுங்கிவிடும் அக்கா, ஸ்வெட்டர் எடுத்து வா என்று நிவேதா சொல்லியிருந்தது ஞாபகம் வந்து ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சுடிதாருக்குள் புது டிராக் பேண்ட் போட்டிருந்தாள். பையில் இரண்டு ஜோடி சாக்ஸும், ரத்தினம்மாள் ஒரு தாளில் மடித்துக் கொடுத்த ஒரு பிடி சாமையும் இருந்தன. அங்கே ஐஸ் சரியில்லை என்றால் தூவிக்கொள் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். வந்ததும் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள்.

வந்ததும் சொல்ல வேண்டும். நிறுத்தத்தில் நின்றபோதுதான் அது ஈஸ்வரிக்கு உறைத்தது. கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டுமானால் சொல்லலாம். தெருவில்? தண்ணீர்க் குழாயடியில்? ஹாஸ்டலிலிருந்து வரும் பையனிடம்? ஊசி போட்டார்கள், இப்போது பரவாயில்லை என்றா? ஐஸ்மேல் போய்வந்த கல்லை வாயிலேயே அடக்கிக்கொண்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அடுத்த முறை போக ஆசை வந்தால் இன்னொரு வியாதி தேட வேண்டும். சந்தோஷத்துக்கெல்லாம் ஒரு நோய்ப் பெயர் வைத்துக்கொண்டே போனால், கடைசியில் தனக்கே எது எது என்று தெரியாமல் போய்விடும்.

பஸ் வந்து நின்றது. மணிவேலின் சித்தப்பா கோபால்சாமி ஆலங்காயத்துக்குப் புளி மூட்டை ஏற்றிவிட்டு முன் படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஈஸ்வரி ஏறியதும் நகர்ந்து ஜன்னலோரம் இடம் விட்டார். இவ்வளவு காலையில் தனியாக எங்கே என்று கேட்டார்.

மணிவேல் கீழேயிருந்து ஜன்னல் வழியாகச் சொன்னான், "பெங்களூருக்கு, சித்தப்பா. முதுகு ரொம்ப நாளா வலிக்குதுன்னு..."

கோபால்சாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. "அடப்பாவமே. எத்தினி நாளாம்மா வலிக்குது?"

மணிவேல் ஜன்னல் கம்பியில் கை வைத்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. "பத்து நாளாச்சுன்னு சொல்லு, ஈஸ்வரி," என்றான் தணிந்த குரலில்.

அவளுக்கு அவன்மேல் பாசமாகத்தான் இருந்தது. கம்பிமேல் இருந்த அவன் கையைத் தொட்டாள். அது ஜில்லென்று இருந்தது. பிறகு தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"முதுகுக்கு ஒண்ணுமில்ல, மாமா," என்றாள். "நான் வெளையாடப் போறேன்."