தும்பு வைத்த குளிர்பெட்டி

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1954-இல் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கினேன். அதன் முன்சீட்டில், ஓட்டுபவருக்கு மறுபக்க ஜன்னலில் ஒரு தகரக் குளிர்பெட்டி தொங்கியது. உள்ளே தண்ணீர், அதில் நனைகிற நார்மெத்தை. கார் ஓடினால் காற்று அந்த ஈரத்தில் புகுந்து ஜில்லென்று வரும். மெத்தை காய்ந்தால் பெட்டியில் கட்டிய கயிற்றை இழுத்து மறுபடி நனைக்க வேண்டும். என் தாய்மாமன் ஆறுமுகப்பெருமாளுக்கு இதெல்லாம் வெறும் பவுசு.

"பூதப்பாண்டியிலேருந்து இரணியல் கல்யாணத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போலே. நெத்தித் திருநீறு கலையாம எறக்கிவிட்டா அழகியநாயகியத் தாறேன். கலைஞ்சா அந்தப் பேச்சே கெடையாது" என்றார்.

அழகியநாயகி அவர் மகள். எனக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் தைரியமில்லை.

வடசேரி மெக்கானிக் ராஜையன் பெட்டியைத் திறந்து பார்த்தான். நாரெல்லாம் பாசி. புது மெத்தை பம்பாயிலிருந்துதான் வரவேண்டும், இல்லையென்றால் தேங்காய் நார்த் தும்பு வைக்கலாம், ஆனால் மூன்று நாள் ஊறப்போட்டுக் கறை போக அலச வேண்டும் என்றான். கல்யாணமோ மறுநாள். மூன்று நாளாவது மண்ணாவது! பெட்டியைத் தேய்த்துக் கழுவி, தும்பை அப்படியே திணித்துத் தண்ணீரை ஊற்றினேன்.

மறுநாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மாமா முன்சீட்டில், அவள் பின்சீட்டில். ஊர் தாண்டியதும் வந்தது பாருங்கள் காற்று! மாமா முதலில் முறைத்தார், பிறகு கண்ணை மூடினார், பிறகு கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு கோவில் மணி அடிப்பதுபோல இழுத்து இழுத்து விட்டார். தேவாரம் வேறு. நெற்றியில் மூன்று கோடும் அப்படியே இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டைவிட அந்த நெற்றியைத்தான் அதிகம் பார்த்தேன்.

அதனால்தான் வில்லுக்குறியில் வாத்துக்கூட்டம் கண்ணில் படவில்லை. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தேன். பெட்டித் தண்ணீர் மொத்தமும் மாமா முகத்தில் அறைந்தது. தும்புக் கறை! வெள்ளை ஜிப்பா காப்பி வடிகட்டின துணியாகிவிட்டது. நெற்றியில் ஒரு கோடுகூட மிச்சமில்லை. என் கல்யாணம் வாத்துகளோடு சேர்ந்து ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

மாமா வாயைத் திறக்குமுன் அழகியநாயகி முன்னால் சாய்ந்தாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மூன்று விரலால் பளிச்சென்று திருநீறு பூசினாள்.

"ஏட்டி, இது எங்கேருந்து?" என்றார் மாமா.

"வீட்டுலேருந்துதான். வழியில வேர்த்துதுன்னா பூசிவிடலாம்னு எடுத்துட்டு வந்தேன். அத்தான் தோக்கப்பிடாதுல்லா, அப்பா."

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கறைத்தண்ணீர் சொட்டச் சொட்டத் தொப்பை குலுங்கிச் சிரித்தார். வண்டியை எடுக்கச் சொன்னார். எனக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்றே தெரியவில்லை.